காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் கையில் சில்லும் தக்களியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மறுபடி திறக்கும் வரை கிடைக்கும் சில நாள்களில், மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அருங்காட்சியகங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து ஏதேனும் செய்து பார்க்க இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். எழுதி முடித்த வினாத்தாளுக்கே மீண்டும் விடை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடமும் கைப்பேசியுமாகவே பல வீடுகளில் அந்த நாள்கள் கழிந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு இந்த விடுமுறையில், நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தியைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் எதன் முன்னாலும் அதிகம் நிற்காமல் வந்தவள், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் இருந்த கண்ணாடிப் பேழையைக் கண்டதும் நின்றுவிட்டாள். "அம்மாச்சி, இது நாங்க பாண்டி ஆடுற சில்லுதானே?" என்று கேட்டவள், ஒரு பக்கம் கோணலாக இருந்த ஒன்றைக் காட்டி, "இத அவசரமா தேச்சிருக்காங்க" என்றாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கையை அவள் அந்த ஒரு நொடியில் பார்த்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு, வரலாற்றுப் பாடம் ஒரு குழந்தைக்குள் இவ்வளவு விரைவாக இறங்கிய காட்சி அதிகம் வாய்த்ததில்லை.

அசல் பொருள்கள் கண்ணாடிக்குள் இருப்பதே முறை. ஆனால் முற்றத்தில் ஒரு பந்தல் போட்டு, கீழடி இருக்கும் அதே மாவட்டத்தைச் சேர்ந்த மானாமதுரைக் குயவர்களிடம் ஓடுகள் வாங்கி வைத்தால், பிள்ளைகள் தாங்களே சில்லு தேய்த்துக் கட்டம் கிழித்து ஆடிவிட்டுப் போகலாம். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பதை அவர்களுக்குக் காட்டி, அதே எழுத்தில் தத்தம் பெயரை ஆளுக்கோர் ஓட்டில் கீறச் சொல்லலாம். அப்பாவின் பெயரையும் எழுதிக் காட்டு என்று பெற்றோர் உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கீழடியில் கிடைத்தவற்றில் நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகளும் உண்டு. அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் மதுரைக்கு வந்தால், தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது இதே மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று. சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, குருதி படிந்த துணியின் ஒரு பகுதியும் அந்த அருங்காட்சியகத்தில் உள்ளது. பெரியவர்களே பேச்சற்று நிற்கும் அந்தத் துணியின் முன் ஒரு சிறு பிள்ளைக்கு என்ன சொல்லி விளக்குவது என்று நானும் திணறியிருக்கிறேன். அங்கே தக்களியைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை நூற்க வைக்கலாம். பஞ்சை விரலால் இழுத்து நான்கு அங்குலம் நூற்றுப் பார்த்த பிள்ளைக்கு, ஒருவர் ஏன் தன் உடையைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்லத் தொடங்குவது சற்று எளிது. அரையாடை ஏற்ற நாள் தேர்வை ஒட்டியும், காந்தி ஜெயந்தி பெரும்பாலும் விடுமுறைக்குள்ளேயும் வருவதால், இதற்குத் தனியாக ஒரு காலம் தேட வேண்டியதும் இல்லை.

வேறோர் ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில், "தொடாதே, நிற்காதே, நகரு" என்ற குரல் எங்களை வாசல் வரை விரட்டியதைப் பேத்தி இன்னும் மறக்கவில்லை. ஆகவே, பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசத் தெரிந்த ஓரிருவரை அந்த நாள்களில் பணியில் அமர்த்துவதே எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். அறிவிப்பு கடைசித் தேர்வுக்கு முன்பே பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். விடுமுறை தொடங்கிய பின் நாளிதழில் வந்தால் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

தக்களி சுற்றக் கற்றுத்தர ஆள் எங்கே என்ற கேள்வி எழலாம். பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் தக்களி சுற்றிய என் வயதினர் மதுரையில் இன்னும் பலர் இருக்கிறோம். எழுபதைக் கடந்துவிட்டோம் என்பதால், இந்த ஆண்டே அழைத்தால் நல்லது. பஞ்சை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மதுரை.