நான்கே நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. சதுரங்கம் ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே உன் நண்பர் நான்கு நகர்த்தலில் உன்னை மடக்கிவிட்டார் என்றும், மறு ஆட்டம் கேட்கவே கூச்சமாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய். இதே பொறியில் உன் மாமாவிடம் ஒரே மாலையில் மூன்று முறை விழுந்தவள் நான்.

தொடக்கத்தில் கறுப்பின் எஃப்7 (எஃப் நெடுவரிசையில் வெள்ளையின் பக்கத்திலிருந்து ஏழாவது கட்டம்) சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. உன் நண்பர் மந்திரியைச் சி4-இலும் ராணியை ஹெச்5-இலும் நிறுத்தி, இரண்டையும் அந்த ஒரே கட்டத்தின் மீது குவித்திருக்கிறார். நீயோ ராணியை விரட்டும் எண்ணத்தில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தாய். மூன்று முறையும் நான் ஆடியது அதைத்தான். எதிரியின் ராணி அருகில் வந்தால் அதைத் துரத்தவே கை போகிறதே தவிர, அது எந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. எஃப்7-ஐ வெட்டி ராஜாவை ஒட்டியே வந்து அமரும் ராணியை, மந்திரியின் காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. ஒதுங்கவும் கட்டம் இல்லை.

இதைத் தடுக்க, உன் குதிரை சி6-இல் நின்று ஈ5 சிப்பாயைக் காக்கும்போது, ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் எஃப்7-ஐக் குறிவைக்கும். இப்போது மற்றக் குதிரையை எஃப்6-இல் வைத்தால் வழி அடைபடும். ஆனால் இதில் வரிசை மாறக்கூடாது. இரண்டாம் நகர்த்தலிலேயே ராணி ஹெச்5-க்கு வர, சி6-இல் குதிரை இல்லாமலே நீ ஜி6 ஆடினாயானால், ராணி ஈ5-ஐ வெட்டிச் செக் வைத்தபடியே மூலையிலுள்ள யானையையும் தாக்கும். அந்த யானை போனதுதான்.

வெள்ளை தானே எஃப்3, ஜி4 என்று ராஜாவின் பக்கத்தைத் திறந்துவிட்டால், கறுப்பு ராணி ஹெச்4-க்கு வந்து இரண்டாம் நகர்த்தலிலேயே ஆட்டத்தை முடித்துவிடும். அது எதிராளியின் தயவில் கிடைக்கும் வெற்றி.

எனக்குப் பிடித்தது, புகழ்பெற்ற சதுரங்க வீரர் ஃபிலிதோரின் ஆசானாகிய 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகாலின் பெயரில் வழங்கும் பொறி. வெள்ளையின் குதிரைகள் எஃப்3-இலும் சி3-இலும், மந்திரி சி4-இலும் இருக்க, கறுப்பு மந்திரி ஜி4-இலிருந்து எஃப்3 குதிரையை, அது நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராணி வெட்டுப்படும்படி, கட்டிப்போட்டிருக்கும். கட்டுண்ட அந்தக் குதிரையே துள்ளி ஈ5 சிப்பாயை வெட்டும். ஆசைப்பட்டுக் கறுப்பு மந்திரி வெள்ளை ராணியை வெட்டினால், வெள்ளை மந்திரி எஃப்7-ஐ வெட்டிச் செக் வைக்கும்; ராஜா ஈ7-க்கு ஓடும்; சி3 குதிரை டி5-க்கு வந்து கதையை முடிக்கும். கறுப்புக்குச் சி6-இல் குதிரை இருந்தால் மட்டும் இதை முயலாதே. அது ஈ5 குதிரையை வெட்டிவிடும், ராணியைப் பலி கொடுக்கும் பேச்சுக்கே இடமிராது. மற்றப் பொறிகளைத் தடுப்பதற்காகக் கற்றுக்கொள். இதை ஆடுவதற்காகவும் கற்றுக்கொள்.

உன் நண்பரிடம் மறு ஆட்டம் கேள். அவர் ராணியை எஃப்3-க்கு இழுத்தபின், உன் எஃப்6 குதிரையைக் கிளப்புவதற்காக ஜி4 தள்ளக்கூடும். அப்போது நீ என்ன ஆடுவாய் என்பதைப் பலகையில் வைத்துப் பார்த்து எனக்கு எழுது. சி6 குதிரை டி4-க்குத் தாவினால் என்ன ஆகும் என்பதையும் பார்.

அன்புடன்,
அம்மா