தாடிக்கும் மீசைக்கும் பெருக்கல் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன செவ்வாய்க்கிழமை நம்ம பேப்பர் மாணவர் பக்கத்துல வந்த நிகழ்தகவு கணக்கு பத்தி எழுதறேன். ஒரு ஊர்ல ஆம்பளைங்கள்ல 10ல ஒருத்தருக்கு தாடி, 2ல ஒருத்தருக்கு மீசை, 5ல ஒருத்தர் கண்ணாடி போட்டவர், மூணும் சேர்ந்த ஆள் எதிர்ல வர வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டு மூணையும் பெருக்கி 100ல 1னு விடை போட்டிருந்தீங்க. மன்னார்குடி பக்கம் கிராமத்துல டியூஷன் எடுக்கறேன், பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணு அந்த பேப்பர மடிச்சு எடுத்துட்டு வந்து "சார், தாடி வச்சவங்க முக்கால்வாசி பேரு மீசையும் வச்சிருக்காங்களே, அப்புறம் ஏன் பாதியால பெருக்கணும்"னு கேட்டா. எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா கேள்வி நூத்துக்கு நூறு சரி. தாடிக்காரர் 10 பேர்ல 9 பேருக்கு மீசை இருக்குன்னு வச்சுக்கங்க (மீசைய எடுத்துட்டு தாடி மட்டும் வைக்கிறவங்களும் நம்ம ஊர்ல உண்டு), கண்ணாடிக்கு 5ல 1 போட்டா 500ல 9 வருது, நீங்க போட்ட விடை 500ல 5. கிட்டத்தட்ட பாதி.

இதே தாடி மீசை கணக்கு கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 1964ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு வயசான அம்மாகிட்ட பர்ஸ பறிச்சுட்டு ஓடின கேஸ். ஓடின ஜோடியப் பத்தி சாட்சிங்க சொன்ன ஒவ்வொரு அடையாளத்துக்கும், மஞ்சள் கார் 10ல 1, மீசை 4ல 1, போனிடெயில் 10ல 1, பொன்னிற முடி 3ல 1, தாடி வச்ச கறுப்பர் 10ல 1, கறுப்பரும் வெள்ளைக்காரியும் ஒரே கார்ல போறது 1000ல 1னு அரசு வக்கீல் சொல்லி, எல்லாத்தையும் பெருக்கி, எல்லா அடையாளமும் பொருந்தற ஜோடி அமைய வாய்ப்பு 1.2 கோடியில 1னு ஜூரி முன்னாடி வச்சாரு, தண்டனையும் ஆச்சு. 1968ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. அந்த நம்பருக்கே ஆதாரம் இல்ல, தாடியும் மீசையும் ஒண்ணோட ஒண்ணு வர்றது, அத தனித்தனியா பெருக்கினது தப்புன்னு தீர்ப்பு. ஒரு மனுஷன் ஜெயிலுக்கு போன கணக்கு சார் இது.

நம்ம வயலுக்கே வர்றேன். ஆத்துல தண்ணி வராம போக 5ல 1, போர் மோட்டார் காயில் போக 10ல 1னு வச்சா, பெருக்கினா 50ல 1 தான, பயமில்லன்னு தோணும். 2024ல மேட்டூர் அணைய வழக்கமான ஜூன் 12க்கு திறக்கல, ஜூலை கடைசியில தான் திறந்தாங்க. அதுவரைக்கும் குறுவை போட்டவங்க எல்லாரும் போர தான் நம்பினாங்க, ராத்திரி பகலா ஓட்டி லோ வோல்டேஜ்ல எங்க மோட்டார் காயிலும் கருகிடுச்சு, தூக்கிட்டு காயில் கட்டற கடைக்கு போனா வாசல்ல ஏற்கனவே 11 மோட்டார் வரிசையா கிடக்கு, கருகின வார்னிஷ் வாடை தெருமுனை வரைக்கும். ஆறு காஞ்ச வருஷத்துல தான் மோட்டாரும் போகும், அப்போ 10ல 1ங்கிறது 10ல 3, 4னு கூட ஆகலாம், 50ல 1 எங்க நிக்கும்?

பெருக்கவே கூடாதுன்னு சொல்லல. மெண்டல்ங்கிற விஞ்ஞானி கலப்புப் பட்டாணியோட விதைகள எண்ணினப்ப உருண்டையா சுருக்கமாங்கிறதும் மஞ்சளா பச்சையாங்கிறதும் ஒண்ண ஒண்ணு தொடல, உருண்டை 4ல 3, மஞ்சள் 4ல 3, அதனால 4ல 3ஐ 4ல 3ஆல பெருக்கி 16ல 9 உருண்டை மஞ்சள்னு போடலாம். 556 விதையில 313 வரணும், அவருக்கு வந்தது 315. பிள்ளைங்க தடுமாறறது அடுத்த கேள்வியில தான், உருண்டை, மஞ்சள் ரெண்டுல ஒண்ணு மட்டும் இருக்கணும்னா உருண்டை பச்சை 16ல 3ன்னு எழுதிட்டு நிறுத்திடுவாங்க, சுருக்க மஞ்சளும் ஒரு 16ல 3 இருக்கு, கூட்டினா 16ல 6.

அதனால "சார்பிலா நிகழ்ச்சிகள் எனக் கொள்க"ன்னு, அதாவது ஒண்ணு நடந்தா மத்ததோட வாய்ப்பு மாறாதுன்னு, ஒரு வரி கணக்குலயே போடுங்க, தாடி மீசை மாதிரி அந்த வரி பொருந்தாத இடத்துல கணக்கையே மாத்துங்க. பெருக்கல் செல்லாத கணக்கும் வாரம் ஒண்ணு குடுங்க. அந்தப் பொண்ணு பேப்பர பத்திரமா வச்சிருக்கா, வர்ற செவ்வாய்க்கிழமை திருத்தம் வரும்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டியூஷன் வாத்தியார்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்