கோனன் கதைகளுக்கு நட்சத்திரம் போடும் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோனன் ரசிகர்களே, கோனன் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்களே,

கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனைப் படைத்த ராபர்ட் ஈ. ஹோவர்டைப் பற்றி நீங்கள் எழுதும் கருத்துகளை விடாமல் படித்து வருகிறேன். "கோவணம் கட்டிய தடியன், ஒரு வாள், ஒரு பெரிய பாம்பு, மயங்கி விழ ஒரு பெண், வேறு என்ன இருக்கிறது?" என்று ஒரு கட்சி. "வாளும் மந்திரமும் கலந்த இந்த வகைக் கதைக்கே அவர்தான் தகப்பன், அவரைக் குறை சொல்ல நீ யார்?" என்று இன்னொரு கட்சி. சரி, சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: நீங்கள் படித்தது யார் எழுதிய கோனன்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஹோவர்ட் டெக்சாஸில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்து எழுதியவர், 1936இல் முப்பது வயதில் இறந்துபோனார். எழுதி முடித்த கோனன் கதைகள் 21, அவற்றில் 17 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தன. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. ஆனால் கடையில் கோனன் பெயரில் ஓர் அலமாரியே இருக்கும். ஐம்பதுகளிலேயே எல். ஸ்ப்ராக் டி கேம்ப் என்ற எழுத்தாளர் இதில் கை வைத்துவிட்டார். பிறகு 1966இலிருந்து லான்சர் பதிப்பகத்தின் மலிவு விலைப் பதிப்புகளில் அவரும் லின் கார்ட்டர் என்ற இன்னொரு எழுத்தாளரும் சேர்ந்து ஹோவர்ட் அரைகுறையாக விட்டுப்போனவற்றை முடித்தார்கள், இடைவெளி தெரிந்த இடங்களில் சொந்தக் கதைகளைச் செருகினார்கள். இதைவிடக் கூத்து, கோனனுக்குச் சம்பந்தமே இல்லாத ஹோவர்ட் கதைகளைக் கூட விடவில்லை. ஆப்கானிஸ்தானில் துப்பாக்கியோடு திரியும் ஒரு டெக்சாஸ்காரனின் கதையை எடுத்து, துப்பாக்கியைப் பிடுங்கி வாளைக் கொடுத்து, பெயரை மாற்றி 'தி ஃபிளேம் நைஃப்' என்று கோனன் கணக்கில் எழுதினார் டி கேம்ப். அதைப் படித்துவிட்டு "ஹோவர்டுக்கு நடை தடுமாறுகிறது" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருமா வராதா?

டி கேம்பை வில்லனாக்கவும் நான் தயாரில்லை. அந்தப் பதிப்புகளும் அவற்றின் மேல் ஃபிராங்க் ஃபிரஸெட்டா வரைந்த அட்டைகளும் இல்லாவிட்டால் இன்று நாம் ஹோவர்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம். ஆனால் அவர்கள் கதைகளைக் கோனனின் வயதுப்படி அடுக்கியதால் ஒரு விபரீதம் நடந்தது. முதல் கதையான 'தி ஃபீனிக்ஸ் ஆன் தி ஸ்வோர்ட்' 1932 டிசம்பரில் வந்தபோதே கோனன் அக்விலோனியா என்ற கற்பனை நாட்டின் ராஜா, மேஜையில் குனிந்து வரைபடத்தில் விடுபட்ட வடநாடுகளை நிரப்பிக்கொண்டிருக்கிறான். சில மாதங்கள் கழித்து வந்த கதையில் அவன் வேலை தெரியாத சின்னப்பயல் திருடன். ஒரு நாடோடி தன் வாழ்க்கையை நினைவுக்கு வந்தபடி முன்னும் பின்னுமாகச் சொல்வதுபோலத்தான் எழுதியதாக ஹோவர்டே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதைப் பிறப்பு முதல் முதுமை வரை நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டு "பாத்திரம் வளரவே இல்லை" என்று குறை சொல்வது என்ன நியாயம்?

படம் பார்த்துவிட்டு எழுதுபவர்களுக்குத் தனியாக. 1982இல் வந்த 'கோனன் தி பார்பேரியன்' படத்தில் சிறுவன் கோனனைச் சங்கிலியில் கட்டிச் சக்கரம் சுற்ற விடுகிறார்களே, அது ஹோவர்டிடம் கிடையாது. எதிரியை நசுக்கு, அவன் பெண்கள் அழுவதைக் கேள் என்று நீங்கள் எடுத்துப் போடும் அந்த வசனமும் கிடையாது. காட்டுமிராண்டி நிலைதான் மனிதனுக்கு இயல்பு, கடைசியில் அதுதான் ஜெயிக்கும் என்ற வரி ஹோவர்டுடையதுதான், ஆனால் அதைச் சொல்வது கோனன் இல்லை. 'பியாண்ட் தி பிளாக் ரிவர்' முடிவில் பெயர்கூட இல்லாத ஓர் எல்லைப்புறத்து ஆள் சொல்கிறான். அதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. குடியேறியவர்கள் தப்பிக்க நேரம் வேண்டுமென்று ஓர் இளைஞனும் ஒரு நாயும் நின்று சண்டையிட்டுச் செத்துவிட்டார்கள், கோனனால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்தில் வரும் வரியை வெற்றி முழக்கம்போலத் தூக்கிப் பிடித்தால் கதையைப் படிக்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

வெறும் தசைதான் என்பவர்கள் 'தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்' ஒன்றை மட்டும் படியுங்கள். 1933 மார்ச் இதழில் வந்தது. ரத்தினம் திருடக் கோபுரம் ஏறுகிறான் கோனன். உச்சியில் இருப்பது யானைத் தலையோடு வேறொரு கிரகத்திலிருந்து வந்த உயிர். ஒரு மந்திரவாதி அதன் கண்ணைப் பிடுங்கி, உறுப்புகளை முறித்து வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததும் கோனனுக்குப் பயம் போய், மனித இனம் மொத்தத்தின் பாவமும் தன் தலையில் விழுந்ததுபோல வெட்கமும் இரக்கமும் வருகிறது. பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும், அது வேறு விஷயம்.

ரசிகர் கட்சியே, உங்களுக்கும் இருக்கிறது. 'தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்' கதையில் கறுப்பின மக்களை அவர் எழுதியிருக்கும் விதத்துக்கு "காலம் அப்படி" என்ற ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வீர்கள்? காலம் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எழுத்து அப்படியேதான் இருக்கிறது, இன்று படிப்பவனுக்கு வலிக்கத்தான் செய்யும். பெண்கள் விஷயமும் அப்படியே. பெலிட், வலேரியா என்று வாள் பிடிக்கும் பெண்களைக் காட்டுகிறீர்கள், சரி. 'தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்' கதையின் யாஸ்மினா, தம்பட்டம் அடிக்காமல் அவர்களைவிட ஒரு படி மேல்: அண்ணனின் ஆன்மாவை மந்திரவாதிகளிடமிருந்து காப்பாற்ற அவனையே தன் கையால் குத்திக் கொல்பவள். அவளும் கதையின் பாதியில் கோனனின் குதிரையில் கிடக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். (யாஸ்மினாவின் நாடாக அவர் வைத்திருக்கும் வேந்தியா நம் இந்தியாதான். அயோத்தியை யாஸ்மினா ஆள்வதை ரசிக்க எனக்கு எந்தச் சிரமமும் இல்லை.)

அவர் எழுதியது பிழைப்புக்காக என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1935 மே மாதத்தில் 'வியர்ட் டேல்ஸ்' இதழ் அவருக்கு 800 டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்தது, பணம் கேட்டு ஆசிரியர் ஃபார்ன்ஸ்வர்த் ரைட்டுக்குக் கடிதம் எழுதினார். மார்கரெட் பிரண்டேஜ் வரைந்த அரைநிர்வாண அட்டைகள் விற்ற காலம் அது. அட்டைக்குத் தோதான, கதைக்குத் தேவையே இல்லாத சவுக்கடிக் காட்சி ஒன்று சில கதைகளில் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். கருத்து எழுதும்போது எந்தப் பதிப்பு என்று முதல் வரியில் போடுங்கள். பாட்ரிஸ் லூயினே தொகுத்து 2003 முதல் 2005 வரை மூன்று தொகுதிகளாக வந்த பதிப்பில், ஹோவர்ட் எழுதிய வரிசையிலேயே, டி கேம்ப் கை படாத பிரதிகள் கிடைக்கின்றன. அதைப் படித்துவிட்டு ஒரு நட்சத்திரம் கொடுத்தாலும் சந்தோஷமாக வந்து சண்டை போடுகிறேன். அவர் எழுதிய ஒரே கோனன் நாவலான 'தி அவர் ஆஃப் தி டிராகன்' எனக்கே இழுவையாகத்தான் தெரிகிறது, வேண்டுமானால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கருத்துகளை ஒன்று விடாமல் படிக்கும் ஒரு வாசகன்