கொள்ளி வைத்தவர் குளிக்க ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள்

எங்கள் ஊராட்சியின் தனி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தென்பெண்ணைக் கரையிலிருந்து வந்து பெங்களூரில் பிழைக்கும் நம் ஊர்க்காரர்கள் சார்பில் எழுதுகிறேன். ஊர்ச் சுடுகாட்டில் காரியம் முடித்தவர்கள் குளிக்கக் குழாய் வேண்டும் என்று முன்பே மனுக் கொடுத்தோமே, அதே விஷயம்தான். மனுக்கள் எல்லாம் உங்கள் அலுவலகத்தில் இருப்பதால் பழைய கதைக்குப் போகவில்லை.

போன மாதம் எங்கள் பெரியப்பா தவறிப்போனார். கொள்ளி வைத்த அண்ணன் தலைமுழுக ஆற்றில் இறங்கப் போனார். கரையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு நுரை. "இறங்காதப்பா, உடம்பெல்லாம் அரிக்கும்" என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஒரு பையன் வண்டியில் போய்க் குடிக்கிற கேன் தண்ணீர் வாங்கி வந்தான். அதை ஊற்றித்தான் அண்ணன் குளித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டேங்கர் சொன்னோம். பாதை மோசம் என்று டேங்கர்காரர் மேட்டிலேயே நிறுத்திவிட்டார். போகிறவர் வருகிறவர் பார்க்க, சாலையோரத்தில் பெண்கள் சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்த எங்கள் பெரியம்மாவும்தான். இதற்கு மேல் எழுத எனக்கு மரியாதையான சொற்கள் வரவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான்: ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து சுடுகாடு வரை ஒரு பைப் லைன், நாலு குழாய், பெண்களுக்கு ஒரு மறைப்புச் சுவர். ஆற்றோரம் போர்வெல் போடலாமே என்பீர்கள். அதிலும் அதே நாற்றம்தான் ஐயா.

நுரைக்கு நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். நந்தி மலையில் பிறக்கும் ஆறு பெங்களூர் ஓரமாக வரும்போதே பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிக் கழிவு அதில் கலக்கிறது. ஓசூர் பக்கம் இதே ஆற்றில் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரியை ஏற்றிக் கொண்டுவந்து இந்த நகரம் குளிக்கிறது. குளித்த தண்ணீர் எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதை இரண்டு மாநிலங்களும் பேசித் தீர்க்கட்டும். அதுவரை ஊரில் யாரும் சாகாமல் இருக்க முடியுமா?

குழாய்க்கான தீர்மானம் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில்தான் நிறைவேறியது. நல்ல நாள் பார்த்துத்தான் போட்டிருக்கிறோம்! ஊராட்சித் தலைவர் இருந்தபோது "நிதி வரட்டும்" என்றார். 2025 ஜனவரியில் அவர் பதவிக்காலம் முடிந்தது; தேர்தல் நடக்காததால் பொறுப்பு தனி அலுவலரிடம் வந்தது. இப்போது அலுவலகத்தில் கேட்டால் "தேர்தல் வரட்டும்" என்கிறார்கள். ஊர் எல்லையில் அலங்கார வளைவு வைக்க மட்டும் எந்தத் தேர்தலும் வர வேண்டியிருக்கவில்லை. இனி நம் ஊரில் சாகிறவர்கள் நிதியாண்டு பார்த்துத்தான் சாக வேண்டும் போல.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. குழாய் போடும் இடம் புறம்போக்கு. யாரிடமும் நிலம் கேட்க வேண்டியதில்லை. சுவருக்கான செலவைப் பெங்களூரில் இருக்கும் நாங்களே வசூல் செய்து தருகிறோம். பைப் லைனையும் நாலு குழாயையும் ஊராட்சி போட்டுத் தரட்டும். வேலை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை மட்டும் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பெங்களூர் வாழ் ஊர்க்காரர்கள்