செயலாளரின் ஆண்டறிக்கை: பயிற்சி மின்பெட்டி உருவான ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்த பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. உறுப்பினர் சேர்க்கையும் சந்தா நிலவரமும் பொருளாளர் அறிக்கையில் வருகின்றன. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே பணிக்குப் போனது. மின்பெட்டிகளில் அடிக்கடி காணும் குறைகளை வேண்டுமென்றே ஒரு பெட்டிக்குள் அமைத்து, பயிற்சிக்கு வைத்திருக்கிறோம். அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு வித்திட்டவர் நம் இளம் உறுப்பினர் ஒருவர். ஒரு மாதக் கூட்டத்தில் குறைகளின் படங்களைத் திரையில் காட்டினோம். எல்லாவற்றையும் முதலில் சொன்னவர் அவர்தான். சில நாள் கழித்து அவரே பழுது பார்த்து மூடிய ஒரு பெட்டியில், மின்னோட்டம் திரும்பும் வயர்கள் சேரும் நியூட்ரல் பட்டையில் ஒரே திருகின் கீழ் இரண்டு வயர்கள் இருந்ததைக் கவனிக்காமல் வந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, “படத்தில் தெரிந்தது பெட்டியில் தெரியவில்லை” என்றார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவருக்கு இந்த அவையில் நன்றி சொல்கிறேன். படத்தில் குறை நடுவில் நிற்கும், வெளிச்சம் அதன்மேல் விழும். பெட்டியில் அது இருபது வயர்களுக்குப் பின்னால், நிழலில் கிடக்கும்.

கழற்றி வைத்திருந்த பழைய உலோகப் பெட்டி ஒன்றை உறுப்பினர் ஒருவர் தந்தார். பாகங்களைப் பலர் கொண்டுவந்தார்கள். வீடுகளிலிருந்து மாற்றி எடுத்தவற்றில் முகவரியோ பெயரோ இருந்தால் கிழித்துவிட்டே ஏற்றோம். கருகிய வயரைச் செயற்கையாக உண்டாக்கலாம் என்று முதலில் சூடான காற்றை ஊதிப் பார்த்தோம். வயரின் மேலுறை நெடுக ஒரே மாதிரி நிறம் மாறியது. உண்மையில் அப்படி நேர்வதில்லை. சூடு திருகுக்கு அருகே பிறப்பதால் அங்கே உறை கருத்து, உலர்ந்து, வெடித்திருக்கும். தள்ளிப்போகப் போக நிறம் தெளியும். அந்தச் சரிவுதான் சூடு எங்கே தொடங்கியது என்று சொல்லும். ஆகவே பொய்யாகச் சுட்ட வயரை எடுத்துவிட்டு, உண்மையாகவே வெந்த வயரையே பொருத்தினோம்.

பெட்டிக்குள் இப்போது இருப்பவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறோம். பயிற்சிக்கு வருபவர்கள் பலர், “லோடு கூடினால் பிரேக்கர் விழுந்துவிடுமே” என்கிறார்கள். வீடுகளில் பொருத்தும் பிரேக்கருக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60898இன்படி, குறித்த அளவைப்போல் 1.45 மடங்கு மின்னோட்டம் போனால் அது ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆனால் போதும். 32 ஆம்பியருக்கு அது 46 ஆம்பியரைத் தாண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை அவ்வளவு நேரம் அந்த மெல்லிய வயர் தாங்காது. சாதாரண பி.வி.சி. மேலுறை தாங்கும் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ்தான்.

திருகில் நுழையவில்லை என்று இழைகளில் பாதியை வெட்டிவிட்டுச் செருகிய வயர், மேலுறையோடு சேர்த்து இறுக்கிய திருகு, துளையில் கேபிளைப் பிடித்துக் காக்கும் கிளாண்ட் இல்லாமல் தகட்டின் கூர்விளிம்பில் உரசும் கேபிள், மூடாமல் விட்ட துளை, மூடியில் போட்ட கூர்முனைத் திருகு ஆகியவையும் உண்டு. கீழே இருக்கும் துணைப் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறோம். திரும்பி வரும் மின்னோட்டத்தின் ஒரு பங்கு அப்போது எர்த் வயரிலும் உலோக உடல்களிலும் ஓடும். எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரியும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இந்தப் பெட்டியிலேயே மிகவும் ஆபத்தானது அதுதான் என்பது என் கருத்து.

இந்தப் பெட்டியில் 230 வோல்ட் ஏற்ற வேண்டும், அப்போதுதான் உண்மையாக இருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. வேண்டுமென்றே குறை வைத்த பெட்டிக்கு அந்த மின்சாரத்தைத் தரக் கூடாது. உள்ளே வரும் வயரை வெட்டி, முனையை மூடி, பிளக் எதுவும் பொருத்த முடியாதபடி செய்துவிட்டோம்.

ஆனால் ஓடவிட்டுக் காட்டியே தீர வேண்டிய குறைகள் இரண்டு. அவற்றைத் தனிப் பலகையில், 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் அமைத்தோம். முதலாவது நியூட்ரல் கலப்பு. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவிகள் இரண்டு. ஒன்றின் பேஸில், அதாவது மின்சாரம் வரும் வயரில், தொடங்கும் விளக்கின் நியூட்ரல், மற்றொன்றின் பட்டைக்குத் திரும்புகிறது. விளக்கைப் போட்டவுடன் இரண்டில் எது முந்துகிறதோ அது டிரிப் ஆகிறது. மின்காந்த விசையால் மட்டுமே இயங்கும் வகை என்பதால் 12 வோல்ட்டிலும் வேலை செய்கிறது. அதற்குத் தேவை வோல்ட் அல்ல, 30 மில்லியாம்பியர் வித்தியாசம். மின்னணுச் சுற்று உள்ள வகை இங்கே உதவாது. டெஸ்ட் பொத்தானும் 12 வோல்ட்டில் இயங்காது. அதைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறோம், இல்லையென்றால் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டாவது தளர்ந்த இணைப்பு. இதில்தான் அதிகம் தடுமாறினோம். திருகைத் தளர்த்தி ஏறத்தாழ 16 ஆம்பியர் ஓடவிட்டால் சூடாகும் என்று எதிர்பார்த்தோம், ஆகவில்லை. புதிய செம்பு மெதுவாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே நன்றாகக் கடத்துகிறது. ஆக்சைடு படிந்த பழைய வயரை வைத்த பிறகே சூடு ஏறியது. இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் 16 ஆம்பியரில் கிட்டத்தட்ட 13 வாட் வெப்பம் ஒரு திருகில் பிறக்கும். அதே மின்னோட்டம் ஓடும் 20 ஆம்பியர் பிரேக்கர் அசையாமல் இருக்கிறது. பிரேக்கர் தன் வழியே போகும் மின்னோட்டத்தைத்தான் அறியும். எங்கோ ஒரு திருகு வேவதை அறியாது. தளர்ந்த திருகைப் பிரேக்கரில் வைக்காமல் நியூட்ரல் பட்டையில் வைத்ததற்கும் காரணம் உண்டு. பிரேக்கரிலேயே வைத்தால் சூடு உள்ளே உள்ள, வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகத் தகட்டுக்குப் பரவி டிரிப் ஆக்கிவிடலாம், பாடம் குழம்பிவிடும். இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்து அளக்கவும் இடம் விட்டிருக்கிறோம். நல்ல திருகில் சில மில்லிவோல்ட். இதில் நூற்றுக்கணக்கில் காட்டும். கை படாதபடி முன்னால் அக்ரிலிக் தகடு இருக்கிறது.

குறைகளின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டலாமா என்பதில் இரண்டு கூட்டங்கள் கழிந்தன. ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் மீண்டும் திரையில் காட்டிய படம் போலவே ஆகியிருக்கும். எண்களும் விடைகளும் பயிற்சியாளரிடம் உள்ள தாளில் மட்டும் இருக்கின்றன. சரியான இணைப்புகளையும் நடுவே விட்டிருக்கிறோம். இரண்டு வயர்களை ஏற்கும்படி தயாரிப்பாளரே அமைத்த பிரேக்கர் முனை ஒன்றும் அதில் உண்டு. அதைப் பார்த்ததும் குறை என்று எழுதிவிடுகிறார்கள். சரியானதைக் கழற்றிப் பிரித்தாலும் பெட்டி கெடுகிறது.

முதல் பயிற்சிகளில் நாங்கள் கண்டது ஒன்று. கருகிய வயரை எல்லாரும் முதலில் கண்டுபிடித்தார்கள். கண்டவுடன் பலருக்குத் தேடல் அங்கேயே நின்றுவிட்டது. வெட்டிய இழைகளும் கூர்விளிம்பும் அதற்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தும் தப்பிவிட்டன. எனவே இப்போது, மின்சாரம் நுழையும் இடத்தில் தொடங்கி, வரிசையாக ஒவ்வொரு திருகையும் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுத அனுமதிக்கிறோம். கருகிய வயரை மறைவாக மாற்றலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். அது கண்ணுக்கு நேரே இருந்தால்தான் அதைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் வரும். இது தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் முடியாத பணி ஒன்று இருக்கிறது. செம்பும் அலுமினியமும் நேரடியாக முறுக்கிய இணைப்பு நம் பெட்டியில் இல்லை. அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதாலும், அதன் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது என்பதாலும், ஆண்டுகள் கழித்துத் தளரும் இணைப்பு அது. புதிதாக முறுக்கி வைத்தால் பழுதின் தோற்றம் வராது. பழைய துண்டு கிடைத்தால், வெட்டும்போது இணைப்பின் இருபுறமும் ஒரு சாண் வயர் விட்டு, துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

பெட்டியின் சாவி துணைச் செயலாளரிடம் இருக்கிறது. பாகங்கள் தந்தவர்களுக்கும், விடுமுறை நாட்களிலும் வந்து வயர் இழுத்தவர்களுக்கும் செயற்குழுவின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்