ஆவுளியாக்களின் (கடற்பசுக்களின்) ஒலியைப் பதிவு செய்ய அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
கடல் உயிரியல் துறை.

பெறுநர்
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

பொருள்: பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகத்தில் நீரடி ஒலிவாங்கிகள் வைக்க, மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் அனுமதி வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடல் பாலூட்டிகளின் நடத்தை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. எங்கே காக்க வேண்டும் என்பது அதனால் தெளிவாகிவிட்டது. எந்தெந்த நேரத்தில் கூடுதலாகக் காக்க வேண்டும் என்பதே என் ஆய்வுக் கேள்வி.

ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய விலங்கு. கடற்புல் மேயும் இடத்தில் செவுள் வலை கிடந்து அதில் மாட்டிக்கொண்டால், மீனவர் வலையைத் தூக்க வருவதற்குள் மூச்சு முட்டி இறந்துபோகலாம். பெண் ஆவுளியா மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரே ஒரு குட்டி ஈனும். ஆகவே மேய்ச்சல் நேரமும் வலை கிடக்கும் நேரமும் எப்போது ஒன்றாக அமைகின்றன என்று தெரிந்தாக வேண்டும்.

இதைக் கண்டறியப் பாக் விரிகுடாவில் அரிய வசதி ஒன்று இருக்கிறது. இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாட்கள் என்று முறை வைத்துத் தொழிலுக்குப் போகிறார்கள். போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். விசைப்படகுகளின் இரைச்சல் மிகுந்த நாள், குறைந்த நாள், தடைக்காலம் என மூன்றையும் ஒரே கடற்புல் படுகையில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கலங்கிய நீரில் கண்ணால் கண்டு எண்ணுவது பெரும்பாலும் வீண் வேலை. ஆனால் ஆவுளியா கீச்சிடும்; குரைப்பது போலவும் ஒலியெழுப்பும். அந்த ஒலிகளையும், அது புல்லை வேரோடு பறித்து மேய்ந்து விட்டுச்செல்லும் நீண்ட தடங்களையும் சேர்த்துப் பார்த்தால், எந்நேரம் வருகிறது, எப்போது ஒதுங்குகிறது என்பது பிடிபடும். விலங்கைப் பிடிக்கவோ, தொடவோ, அதன் உடலில் கருவி பொருத்தவோ நான் அனுமதி கேட்கவில்லை. டிரோனும் வேண்டாம், இரைச்சலின் விளைவை அறியப் போய் நானே இன்னோர் இரைச்சலைக் கொண்டுவரக் கூடாது.

எனவே, பாதுகாப்பகத்துக்குள் தங்கள் அலுவலர்கள் காட்டும் இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து எடுக்கவும், தடங்களை அளக்கவும் அனுமதி வழங்க வேண்டுகிறேன். தடைக்காலம் தொடங்கிய பின் அனுமதி கிடைத்தால் ஒப்பீட்டுக்கு முந்தைய பதிவு இருக்காது. ஓர் ஆண்டு போய்விடும்.

இன்னொரு வேண்டுகோள். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவிக்கும் மீனவர்களுக்குத் தங்கள் துறை வெகுமதி அளித்து வருகிறது. அந்தப் பதிவுகளில் உள்ள இடம், நேரம், வலையின் வகை, குட்டி உடனிருந்ததா என்ற விவரங்களை மட்டும், மீனவர் பெயர்களை நீக்கிவிட்டுத் தந்துதவ வேண்டும். கருவிகளைக் காட்டிலும் அந்த விவரங்கள் சீக்கிரம் விடை சொல்லக்கூடும்.

பதிவுகள் அனைத்தின் பிரதியையும் தங்கள் துறைக்கு ஒப்படைப்பேன். கருவி வைக்கும் இடங்களை முன்கூட்டியே மீனவர்களிடம் தெரிவித்து, அவர்கள் தொழிலுக்கு இடையூறு நேராமல் பார்த்துக்கொள்வேன்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: ஆய்வுத் திட்டம், நெறியாளரின் பரிந்துரைக் கடிதம்.