மஞ்சள் பெயின்ட்

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் கறையெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படுகிறது.

எழுதாததற்கு உண்மையான காரணம் வெட்கம். 'ரேஸ் சஸ்பென்ஷன்' என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அந்த மாருதி எஸ்டீம் கார்தான். கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓடிய வண்டி என்றார் தரகர். சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்; ஷாக் அப்சார்பர் மஞ்சளாக மின்னியது. விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர்களில் கோனி ஸ்போர்ட்டும் மஞ்சள், பில்ஸ்டீனும் மஞ்சள். அதற்குமேல் விசாரிக்கத் தோன்றவில்லை, 10,000 ரூபாய் கூடுதலாகவே கொடுத்தேன். குழியில் இறங்கும்போதெல்லாம் முதுகு விண்ணென்று தெறிக்கும். 'ரேஸ் வண்டி அப்படித்தான்' என்று சுகுணாவுக்குப் பாடம் வேறு எடுத்தேன்.

போன வாரம் நம் மெக்கானிக் பெரியண்ணன் வண்டியை மேலே ஏற்றி, ஒன்றும் பேசாமல் சாவியால் ஒரு கீறு கீறினார். மஞ்சளுக்கு அடியில் கறுப்பு! பிரேக் குழாயிலும் ரப்பர் உறையிலும் மஞ்சள் தூறல் வேறு. கழற்றாமலேயே ஸ்பிரே அடித்திருக்கிறான். கோனி ஸ்போர்ட்டில் பெரும்பாலும் தண்டின் உச்சியிலேயே இறுக்கம் மாற்றும் திருகு இருக்கும். இதில் அந்த இடம் மொட்டை. "வண்டியோடு வந்த கம்பெனி சாமான்தான் தம்பி, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்" என்றார்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஸ்பிரிங்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி தாழ்ந்து தெரிவதற்காகக் கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுத்திருக்கிறான். முனையில் கிரைண்டர் தேய்த்த கோடு அப்படியே இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் நீளம் மட்டும் பழையபடியே. அதனால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டில் இறுகி உட்காராமல் கையால் தள்ளினாலே நகர்கிறது. இதில்தான் இத்தனை மாதமாகக் குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன், சேகர். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இப்போது உன் விஷயம். நீ பார்த்து வைத்திருக்கும் பெலினோ காரிலும் 'நல்ல ஸ்பிரிங்' போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கம்பியில் உள்ள வண்ணப் பொட்டைக் காட்டினால் மயங்காதே, கம்பெனியே வகை பிரிக்க அப்படிப் பொட்டு வைக்கும். வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கம்பியின் தடிமனை அள. கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா, விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, 12 மில்லிமீட்டர் 13 ஆனாலே ஏறக்குறைய 38 சதவீதம் கூடுதல். பொத்தாம்பொதுவாக 'தடிமனாகத் தெரிகிறது' என்று எழுதி அனுப்பாதே, எண் வேண்டும். இடது, வலது இரண்டையும் பார். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய புண்ணியவான்களும் உண்டு. மூட்டுகளில் இருக்கும் புஷ் என்ற மெத்தை வளையம் கறுப்பு ரப்பரா, கெட்டியான வண்ணப் பாலியூரித்தேனா என்று டார்ச் அடித்துப் பார். பெயின்டுக்கு அடியில் பாக எண் இருக்கும், சுரண்டிப் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் பில்லைக் கேள். அவ்வளவு செலவு செய்தவன் பில்லைத் தொலைக்கமாட்டான்.

என் வண்டி பெரியண்ணனிடம் கிடக்கிறது. 2007-இல் தயாரிப்பு நின்ற வண்டிக்கு நல்ல ஸ்பிரிங் தேடிக் காந்திபுரம் முழுக்க அலைகிறேன்.

நான் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. சனிக்கிழமை காலை வெர்னியரோடு வருகிறேன். பஸ்ஸில்தான்.

உன்,
முரளி